ஒரே பணப்பை, நான்கு கனவுகள்



வறுமை கனவுகளைக் கொன்றுவிடும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திவரும் எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. ஏழை வீடுகளில் கனவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவரின் கனவு நிறைவேற மற்றவரின் கனவு பட்டினி கிடக்க வேண்டியுள்ளது என்பதே அங்குள்ள துயரம்.

என் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் குடும்பத்தைச் சொல்கிறேன். தாத்தாவும் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின், குடும்பம் மலிவுவிலை அடுக்குமாடியில் வாடகைக்குக் குடிவந்தது. தந்தை பிறர் லோரியை ஓட்டுகிறார். சொந்த லோரி அவர் ஆசை. தாய்க்குத் தொழிற்சாலையில் வேலை. சொந்த வீடு அவர் ஆசை. 2025ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்தான் அவருடைய அடிப்படைச் சம்பளம். அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், பிடித்துக்கொள்ளப்படும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது தந்தையின் வேலை நின்றுபோனது. வீட்டு முன்பணத்துக்கு நம்பியிருந்த சேமநிதியிலிருந்து, 2022இல் அரசு அனுமதித்த சிறப்பு மீட்பில் 10,000 ரிங்கிட்டை எடுத்துக் கடனை அடைத்தனர்.

அண்ணன் எஸ்.பி.எம். முடித்து, மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசேர்க்கும் வேலை செய்துவந்தான். 'என் அண்ணன்' என்ற தலைப்பில் மாணவி எழுதிய கட்டுரையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கடிதத்தை அவன் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறானாம். அம்மாவுக்குத் தெரியாதாம்.

அவனும் என் முன்னாள் மாணவனே. அழைத்துப் பேசினேன்.

"கட்டணம் பெரிசில்ல டீச்சர். நான் போயிட்டா வாடகை யாரு குடுப்பா?"

ஏழை மாணவனுக்குக் கல்விக் கட்டணத்தைவிட, படிக்கும் ஆண்டுகளில் அவன் ஈட்டாமல் போகும் பணமே பெருஞ்செலவு. நம் உபகாரச் சம்பள விண்ணப்பங்களில் அதற்கு ஒரு கட்டம் இருப்பதில்லை. எனினும், முடிவைப் பெற்றோரோடு சேர்ந்து எடுக்கும்படி அவனிடம் வலியுறுத்தினேன். அன்றிரவே அவன் கடிதத்தைக் காட்டிவிட்டான்.

மறுவாரம் தாய் பள்ளிக்கு வந்தார். "வீடு எங்கேயும் ஓடிடாது டீச்சர். புள்ளைக்கு வயசு ஓடிடும்" என்றார்.

அண்ணன் சேர்ந்துவிட்டான். தந்தை லோரிப் பேச்சை எடுப்பதில்லை. தாய் வாரத்தில் ஐந்து நாள் மிகைநேர வேலை செய்கிறார். ஆகவே என் மாணவி மாலையில் ஆளில்லாத வீட்டில் சோறு வடித்துவிட்டு, இரவு எட்டு மணிவரை தனியே காத்திருக்கிறாள். மருத்துவராக வேண்டும் என்று எழுதும் பிள்ளை அவள். அண்ணன் கனவின் தவணையை இப்போது அவளும் கட்டுகிறாள்.

பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் அவளை வகுப்பில் இருத்திப் பாடம் செய்ய வைக்கிறேன். வாடகையைக் குறைக்க என்னால் இயலாது. ஒரு மேசையும் ஒரு மணி நேரமும் தர இயலும்.

சக ஆசிரியர்களே, கட்டுரைகளில் எழுத்துப்பிழையை மட்டும் தேடாதீர்கள். மெத்தைக்கு அடியில் இன்னும் எத்தனை கடிதங்கள் இருக்கின்றனவோ!