கால் சொம்பு, ஒரு சொம்பு ஆனபோது...

பழைய டிராக்டர் இருக்கும் வீடுகளில், காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் போல அன்றாட வேலை. குறைந்திருந்தால் ஊற்றுவார்கள். மூடியைத் திருகிவிட்டு வண்டியை எடுப்பார்கள். எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள் குறைவு. திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர், டிராக்டர் ஓட்டத் தெரியாத ஒரு பெண்மணி.

வண்டி அவருடைய மாமனார் காலத்தில் வாங்கிய மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் இன்ஜின். சொந்த நிலம் மூன்று ஏக்கர்தான். சம்பா நடவுக்கு முன்னால் அக்கம்பக்கத்து வயல்களில் சேறடித்துக் கிடைக்கும் வாடகையில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அந்த ஒரு மாதத்தில் வண்டி படுத்துவிட்டால், அடுத்த வருஷம்தான் அந்தப் பணத்தைப் பார்க்க முடியும்.

கணவர் விடியற்காலையில் டீசலுக்கும் ஆளுக்கும் அலைவதால், தண்ணீர் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில், இப்போதைய வண்டிகளைப் போல உபரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் டப்பா கிடையாது. மேலே மூடி, பக்கத்தில் ஒரு சின்ன வழிகுழாய், அவ்வளவுதான். ஊற்றிய அளவை, பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே அவர் குறித்து வைப்பார். ஆடியில் பத்து நாளைக்கு ஒருமுறை கால் சொம்பு. ஆவணிக் கடைசியில் இரண்டு நாளைக்கு அரை சொம்பு. புரட்டாசி பிறந்ததும் தினம் ஒரு சொம்பு.

“பழைய வண்டி, சேத்துல கெடந்து உழைக்குது. குடிக்கத்தான் செய்யும்” என்றார் கணவர்.

“என்னங்க, மாடு திடீர்னு நாலு மடங்கு குடிச்சா டாக்டரைக் கூப்பிடுறோம்ல?” என்றார் அவர்.

அன்று மாலையே மெக்கானிக் வந்தார்.

தண்ணீர் எங்கே போகிறது?

“அண்ணே, டீசல் மாதிரி தண்ணி செலவாகுற சாமான் இல்ல. உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றது. குறையுதுன்னா, எங்கயோ போகுதுன்னு அர்த்தம்” என்றபடி, மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் ஆயில் ஸ்டிக். ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. இங்கே கறுப்பாகவே இருந்தது. அடுத்து, நன்றாக ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் போய்விட்டதாகச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் இல்லை. மூடியின் ரப்பர் வளையம் நன்றாக இருந்தது. ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தார். வெடிப்போ கொழகொழப்போ இல்லை.

கடைசியில் டார்ச் அடித்து வாட்டர் பம்ப்பின் அடியில் பார்த்தார். அங்கே உள்ள சின்னத் துளையிலிருந்து துருவும் வெள்ளையுமாக ஒரு கோடு இறங்கியிருந்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளை. வண்டி ஓடும்போது கசிந்து, இன்ஜின் சூட்டிலும் ஃபேன் காற்றிலும் காய்ந்துவிடுவதால், நின்ற இடத்தில் சொட்டுகூடத் தெரியவில்லை. ஃபேனைப் பிடித்து ஆட்டியபோது லேசாக ஆடியது. பேரிங்கும் தேயத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், ஃபேன் இறக்கை ரேடியேட்டரையே கிழித்திருக்கும்.

பம்ப்பைக் கழற்றி, சீலும் பேரிங்கும் மாற்ற ஒரு நாள் ஆனது. அதே பருவத்தில், அடுத்த தெருவில் இன்னொருவரின் வண்டி தண்ணீர் வற்றி ஓடி, ஹெட் வெடித்துப் பட்டறைக்குப் போனது. நடவு முடியும்வரை அது திரும்பவில்லை. சொந்த வயலுக்கே அவர் வாடகை வண்டி பிடித்தார்.

அந்த வண்டியில் மீட்டர் முள் கடைசிவரை சிவப்புக்குப் போகவில்லை என்பதுதான் ஊரில் பேச்சு. அதற்குக் காரணம் உண்டு. சூட்டை உணரும் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். தண்ணீர் அதற்கும் கீழே இறங்கிவிட்டால், இன்ஜின் கொதித்தாலும் முள் சும்மா இருக்கக்கூடும். மீட்டரை மட்டும் நம்பாமல், மூடியைத் திறந்து பார்ப்பது இதனால்தான்.

எப்படிப் பார்ப்பது?

காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் குழாய்களின் தலை மூழ்கி, வாய்க்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே நின்றால் போதும். வாய் வரை ரொப்பினால், சூட்டில் விரியும் தண்ணீர் வழிகுழாய் வழியே வெளியே போய்விடும். மறுநாள் குறைந்தது போலத் தெரியும்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணம் பொங்கி முகத்தில் அடிக்கும். வயலில் சூடேறினால், சுமையை இறக்கி, இன்ஜினை மெதுவாகச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு நிறுத்தி முழுதாக ஆறவிட வேண்டும். ஆவியைக் கக்கினாலோ தண்ணீர் தீர்ந்துவிட்டதாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றினால், இரும்பு விரிசல் விடும்.

மூடி மாற்றும்போது, பழையதில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். பழைய ரேடியேட்டருக்குப் புது வண்டியின் அதிக அழுத்த மூடியைப் போட்டால், பற்றவைத்த இடங்கள் விட்டுப்போகும்.

உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம். வெந்நீர்ப் பானையில் படியும் அதே வெள்ளைப் படிவு, குழாய்களிலும் படிந்து சூட்டை வெளியே விடாது. சுத்தமாகப் பிடித்த மழைநீரோ டிஸ்டில்டு வாட்டரோ நல்லது. “நம்ம ஊர்ல பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் கூட்டும். பாதிக்குப் பாதி கலந்தால், திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். இரண்டு வகைக் கூலன்டைக் கலக்கக் கூடாது. நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் சரக்கு ஒன்றாகிவிடாது.

சூடேறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அது இல்லாவிட்டால், இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வர நேரமாகும், டீசலும் வீணாகும். பழுதானால் புதிது போட வேண்டும்.

ரேடியேட்டர் வலையில் அடைத்த பதரையும் தூசியையும், இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றோ தண்ணீரோ அடித்து வெளியேற்ற வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை உள்ளேதான் போகும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் போல இறங்கலாம். அதற்கு மேல் தொங்கினால் இறுக்க வேண்டும்.

பழைய கூலன்டை மாற்றும்போது, ரேடியேட்டர் அடியிலும் இன்ஜின் பிளாக்கிலும் உள்ள திருகுகள் இரண்டையும் திறந்தால்தான் முழுதும் வடியும். வடித்ததை வாய்க்காலிலோ தொழுவத்தருகிலோ கொட்ட வேண்டாம். அது இனிக்கும், நாயும் கன்றும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரே சொம்பால் ஊற்றி, ஊற்றிய அன்றே எழுதி வைத்தால் போதும். அளவு கூடுகிறதா என்று பார்க்கத் தெரிந்த யாரும், வீட்டில் அந்த வேலையைச் செய்யலாம்.