நின்றுபோன வண்டியும் நம்பாத நாமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப்பெருக்கு நாள். திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையை நோக்கி மக்கள் திரள் திரளாகச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களுக்கு எதிர்த்திசையில், மாம்பழச்சாலையிலிருந்து சிந்தாமணிப் பக்கமாக, 1976-இல் கட்டப்பட்ட காவிரிப் பாலத்தின்மீது நமது பங்கின் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் மூச்சுத்திணறலால் தவித்த மூதாட்டி ஒருவர்; அவரைத் தாங்கிப் பிடித்தவாறு அவருடைய மகள். வண்டியை ஓட்டியவர் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர். அவர் அருகில் நாம்.

பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றுபோனது.

குலுங்கவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்துவிட்டாற்போல் அடங்கிவிட்டது. மீண்டும் மீண்டும் முயன்றும் உயிர் வரவில்லை. பின்னால் வந்த வாகனங்கள் ஓயாமல் ஒலி எழுப்பின. நாம் இறங்கி ஓடி, ஓர் ஆட்டோவை மறித்து, மூதாட்டியையும் மகளையும் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் பிழைத்துக்கொண்டார். பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று மருத்துவர் பின்னர் கூறினார்.

அந்தப் பதற்றத்தில் நாம் அந்த இளைஞரைப் பார்த்துக் கேட்டோம்: "கிளச்சை விட்டுவிட்டாயா, தம்பி?"

"இல்ல சாமி. அதுவா நின்னுபோச்சு."

இருபது நிமிடம் கழித்து அதே கார், ஒன்றுமே நடவாததுபோல் ஒரே திருப்பலில் கிளம்பிற்று. அப்படிக் கிளம்பியதுதான் அந்த இளைஞருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. பழுதுள்ள வண்டி எங்ஙனம் தானே சரியாகும் என்று நாம் எண்ணினோம்.

மறுநாள் காலையில் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினோம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார்; குறையொன்றும் தென்படவில்லை. கணினிக் கருவியை இணைத்துப் பார்த்தார். பிழை எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எனினும் வெறுங்கையோடு திருப்பியனுப்ப மனமில்லாமல் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். பத்து நாள் கழித்து வண்டி மீண்டும் நின்றது. இம்முறை பெட்ரோல் ஃபில்டர் மாறியது. பின்னர் பேட்டரி முனைகள் துலக்கப்பட்டன. எஞ்சினுக்குள் காற்றுச் செல்லும் வழி துப்புரவு செய்யப்பட்டது. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. ஒவ்வொரு முறையும் காலைக் குளிர்ச்சியில் சோதனை ஓட்டம் நடைபெறும். வண்டி ஒழுங்காக ஓடும். நிற்பதெல்லாம் அந்த இளைஞர் ஓட்டும்போதுதான்.

ஆகவே நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். குறை வண்டியில் இல்லை, ஓட்டுபவரிடம்தான் என்று தீர்மானித்துச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. சாவியை நம் மேசைமீது வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நண்பகலில் நாமே வண்டியை ஓட்டிச் சென்றோம். மாம்பழச்சாலை சிக்னலை நெருங்குகையில் எஞ்சின் அடங்கிற்று. நம் கால் கிளச்சின்மீது உறுதியாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் இரும்பாய் இறுகியது. பிரேக் மிதி கல்லாயிற்று. ஒருவாறு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அமர்ந்திருந்தபோது நம் நினைவுக்கு வந்தது பழுதன்று. மேசைமீது வைக்கப்பட்ட அந்தச் சாவி.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். செய்தியைச் சொன்னபோது அவர் மகிழவுமில்லை, நம்மைக் குறைகூறவுமில்லை. உள்ளே சென்று நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அதில் பதிவாகியிருந்தது. நாள், நேரம், இடம், அதற்கு முன் எத்தனை நிமிடம் ஓடியது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது என ஏழு பதிவுகள். அவர் சொன்னதை நாம் நம்பாத நாள்களிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பழுதை எங்கே தேடுவது என்று வழிகாட்டியவர் நம் பங்கின் மற்றொரு பெரியவர். 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த இரயில்வே பணிமனையில் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்றவர். நோட்டுப் புத்தகத்தை இருமுறை படித்துவிட்டு அவர் சொன்னார்: "சாமி, இது முறைக்காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர்கிட்ட போனா அவர் என்ன பார்ப்பார்? காய்ச்சல் அடிக்கிறப்ப பார்க்கணும்."

ஓடும் எஞ்சின் நிற்பதிலும் வகையுண்டு என்று அவர் விளக்கினார். பெட்ரோல் கிட்டாமல் நின்றால் வண்டி முதலில் தடுமாறும், இழுவை குறையும், குலுங்கும், பிறகுதான் அடங்கும். மின்சாரம் அறுந்து நின்றால் தீக்குச்சியை ஊதியணைத்ததுபோல் ஒரு நொடியில் அடங்கும். நோட்டுப் புத்தகத்தின் ஏழு பதிவுகளிலும் "திடீரென" என்ற சொல் இருந்தது. ஏழு முறையும் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடிய பின்னரே நின்றிருந்தது. ஏழு முறையும் நெரிசலில் ஊர்கையில் நின்றிருந்தது. ஏழு முறையும் பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள் உயிர்பெற்றிருந்தது. டேங்கில் பெட்ரோல் நிறைந்திருந்த நாளும் உண்டு, குறைந்திருந்த நாளும் உண்டு. ஆக, பழுதை வரவழைப்பது சூடு, போக்குவது குளிர்ச்சி.

நம் பட்டறைக்காரர் அடுத்து மாற்ற எண்ணியிருந்தது பெட்ரோல் பம்ப்பை. அது அடிப்படையற்ற ஐயமன்று. பெட்ரோல் பம்ப்பில் குறை இருக்கக்கூடுமென்று 2020 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம் வேகன் ஆர், பலேனோ வகைகளில் 1,34,885 கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் அதே காரணத்துக்காக மேலும் 16,041 கார்களை அழைத்தது. ஓடும்போது எஞ்சின் நிற்கவோ, கிளம்ப மறுக்கவோ கூடும் என்பதே அந்த எச்சரிக்கை. ஆனால் நம் வண்டியில் பம்ப்பின்மேல் குற்றம் சாட்டும் சான்று இல்லை. சாவியைத் திருப்பியவுடன் பின்னிருக்கையின் அடியில் இரண்டு நொடி முனகல் கேட்கும். அது பம்ப் விழித்தெழும் ஓசை. வண்டி நின்ற வேளைகளிலும் அந்த ஓசை கேட்டதென்று இளைஞர் எழுதியிருந்தார். மற்றொன்றையும் எழுதியிருந்தார்: வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் பூஜ்யத்தில் வீழ்ந்துவிட்டது. பெரியவர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கையில் சுழற்சியே இல்லை என்று முள் சொல்லுமானால், சுழற்சியைக் கண்டு சொல்லும் உறுப்பு ஊமையாகிவிட்டது என்பதே பொருள்.

அந்த உறுப்புக்குக் கிராங் சென்சார் என்று பெயர். கட்டைவிரல் அளவே இருக்கும். நம் வண்டியில் எஞ்சினும் கியர்பெட்டியும் இணையுமிடத்தில் அது பொருத்தப்பட்டிருந்தது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி. எஞ்சின் சுழலச் சுழல அது சிறு மின்துடிப்புகளை வண்டியின் கணினிக்கு அனுப்புகிறது. அத்துடிப்பு வராவிடில் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது; எனவே பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒருசேர நிறுத்திவிடுகிறது. பழைய சென்சாரினுள் கம்பியில் நுண்ணிய முறிவு இருந்தால், சூட்டில் விரியும்போது அது பிரியும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். பட்டறையைச் சென்றடைவதற்குள் குறை மறைந்துவிடும் மாயம் இதுதான்.

ஊகத்தை உறுதிப்படுத்தாமல் எதையும் மாற்ற வேண்டாம் என்றார் பெரியவர். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், கோயிலுக்குச் செல்லும் வாகனங்களின் நெரிசலில் வண்டியை வேண்டுமென்றே ஊரவிட்டோம். இளைஞர் ஓட்டினார், மெக்கானிக்கும் உடன் வந்தார். திருவானைக்காவல் சாலையில் அது அடங்கிற்று. முதல்முறை ஒன்றும் செய்யாமல் காத்திருந்தோம், பதினெட்டு நிமிடமாயிற்று. மீண்டும் சூடேற்றி, மீண்டும் நின்றபோது, மெக்கானிக் ஒரு புட்டித் தண்ணீரைச் சென்சாரின்மேல் மெல்ல ஊற்றினார். இளைஞர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே ஓடியது.

குருமடத்தில் பயின்ற நாள்களில் அம்பாசிடர் காரின் பெட்ரோல் பம்ப்பின்மேல் ஓட்டுநர்கள் ஈரத்துணி போட்டதை நாம் கண்டதுண்டு. கோடை வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். துணி குளிர்வித்ததும் வழி திறக்கும். 2014-இல் அம்பாசிடரின் உற்பத்தி நின்றுவிட்டது. அந்தப் பழுதும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் பழுது நிகழும் வேளையிலேயே அதனருகில் நின்று பார்ப்பது என்ற பழைய ஓட்டுநர்களின் வழி இன்றும் உதவிற்று. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் புதிய சென்சார் வந்தது. அதன்பின் இன்றுவரை வண்டி அவ்வாறு நின்றதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த தடுமாற்றமென்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்கள் ஓடும்போதே நின்றுபோயின. சாவித் துவாரத்தின் சுவிட்சிலிருந்த வில் வலுவற்றது. கனத்த சாவிக்கொத்தோ சாலைக் குலுக்கலோ போதும், சுவிட்ச் நழுவி எஞ்சின் அணைந்துவிடும். மோதலின்போது காக்கும் காற்றுப்பையும் அதனால் விரியாது. ஓட்டியவர்கள் முறையிட்டார்கள். நிறுவனமோ அதனை உயிர்ப் பாதுகாப்புப் பற்றியதாகக் கருதாமல் வாடிக்கையாளரின் வசதிக்குறைவாகவே நெடுங்காலம் வகைப்படுத்தியது. 2006-இல் அந்த உறுப்பைச் சத்தமின்றித் திருத்தியபோது அதன் எண்ணை மாற்றவில்லை. ஆகவே பழையதும் புதியதும் ஒன்றே என்று பின்னர் ஆராய்ந்தோர் மயங்கினர். 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில் இறந்த இளம்பெண் ஒருவர், கார் தானாக நின்றுவிடுகிறதென்று சொல்லி அதற்குச் சற்று முன்னர்தான் பழுதுபார்க்க விட்டு எடுத்திருந்தார். அவருடைய பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் தரப்புப் பொறியாளர் பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட இறப்புகள் 124.

தம் கார் தானாக நின்றது என்று சொன்னவர்களின் சொல்லுக்குத் தொடக்கத்திலேயே மதிப்பளித்திருந்தால், அவருள் எத்தனை பேர் இன்று உயிரோடிருப்பர்?

வாகனம் வைத்திருக்கும் வாசகர்க்குச் சில சொற்கள். ஓடும் வண்டி நின்றால் சாவியை உருவாதீர், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு மிதியாதீர். எஞ்சின் நின்றபின் ஓரிரு அழுத்தங்களுக்கே உதவி எஞ்சியிருக்கும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஓரங்கட்டுங்கள். உடனே எழுதிவையுங்கள்: எத்தனை நிமிடம் ஓடியது, திணறி நின்றதா திடீரென நின்றதா, முள் எங்கே இருந்தது, பம்ப்பின் ஓசை கேட்டதா, எப்போது மீண்டது. நல்ல மெக்கானிக்குக்கு அந்தத் தாள், புதிய உறுப்புகள் பத்தைவிட மேலானது.

நம்மிடம் வந்து, "அவர் எப்போதும் அப்படியில்லை சாமி, சில வேளைகளில்தான்" என்று கணவரின் கோபத்தைப் பற்றி மெல்லச் சொன்ன பெண்களை இப்போது நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கணவர் நம் முன்னிலையில் கைகட்டிப் பணிவோடு நிற்பார். நாமும், "நல்ல மனிதராயிற்றே, நீங்கள் சற்றுப் பொறுத்துப் போகலாமே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். எத்தனை முறை அப்படிச் சொன்னோம் என்று எண்ணிப் பார்க்க அச்சமாக இருக்கிறது. குளிர்ந்த வேளையில் மட்டுமே வண்டியைப் பார்த்தவர்கள் நாம். சூட்டில் அதனுள்ளே அமர்ந்திருந்தவர்கள் அவர்கள்.

வண்டி சீரான அன்று இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்தோடு தலைகுனிந்தார். சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தோம். நோட்டுப் புத்தகத்தையும் திருப்பித் தந்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வண்டியிலேயே இருக்கட்டும் சாமி. இன்னும் நெறய பக்கம் காலியா இருக்கு."

அது இப்போதும் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியில் இருக்கிறது. ஒரு பேனாவும் உடன் வைத்திருக்கிறோம்.