தேயிலையின் பூ

வன்னியில் எங்கள் வீடுகளில் சோறு இல்லாத நாட்கள் இருந்திருக்கின்றன. வெறுந்தேத்தண்ணி இல்லாத நாட்கள் குறைவு. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தபோதும் மூன்று கல்லை வைத்துக் கேத்திலை ஏற்றினோம். ஆனால் அந்தத் தேயிலையும் பூக்கும் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

நான் பிறந்தது ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில். 1983 கலவரத்துக்குப் பின் எங்கள் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியது. 1977 இலும் 1983 இலும் இப்படி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் ஏராளம். அப்போது எனக்கு 9 வயது. தேயிலையைப் பற்றி நான் அறிந்ததில் பாதி அம்மா சொன்னது.

தேயிலையைச் செடி என்கிறோம். உண்மையில் அது மரம். தாவரவியலில் அதன் பெயர் கமேலியா சினென்சிஸ். வெட்டாமல் விட்டால் பெரிய இலை கொண்ட அசாம் இனம் 10 மீற்றருக்கும் மேல் வளரும். சிறிய இலை கொண்ட சீன இனம் அவ்வளவு உயராது. 1867 இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டது முதல், அந்த மரத்தை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது மனிதக் கைகளே.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்கள் கத்தி கொண்டு வாதுகளை வெட்டிச் செடியைக் குட்டையாக்குவார்கள். இதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் எல்லாம் பட்டுப்போனது போலத் தெரியும். ஆனால் வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கும். அதை உண்டுதான் புதுத் தளிர் வரும். சில இடங்களில் ஓரத்தில் இரண்டொரு இலைக் கிளைகளை வெட்டாமல் விடுவார்கள். புதுத் தளிர் வரும்வரை செடிக்கு உணவு தயாரிப்பது அந்தக் கிளைகள்தான்.

அதன் பிறகு பெண்களின் வேலை. செடியின் மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே நிற்கும் இரண்டு இலையும் ஓர் அரும்பும் கிள்ளுவார்கள். ஏழெட்டு நாளில் அதே நிரைக்குத் திரும்ப வருவார்கள். கிள்ளக் கிள்ளச் செடி தன் சக்தியைப் புதுத் தளிருக்கே செலவிடும். அதனால் ஒழுங்காகக் கொழுந்தெடுக்கும் மலையில் இலைக்கடியில் ஒன்றிரண்டு பூ மட்டுமே ஒளிந்திருக்கும்.

பூ சிறியது. வெள்ளை நிறம், ஐந்து முதல் எட்டு இதழ்கள், நடுவில் கொத்தாக நிறைய மஞ்சள் மகரந்தக் கேசரங்கள். இலைக்கும் தண்டுக்கும் இடையிலிருந்து தலை குனிந்து தொங்கும். மெல்லிய வாசம் உண்டு. தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது மிக அரிது. தேனீயோ ஈயோ வேறொரு செடியிலிருந்து மகரந்தம் கொண்டுவர வேண்டும். காய் முற்ற ஓர் ஆண்டளவு செல்லும். அதனால் இந்த ஆண்டுப் பூவும் போன ஆண்டுக் காயும் ஒரே கிளையில் இருக்கும். காயினுள் ஒன்று முதல் மூன்று கொட்டைகள், தேற்றாங்கொட்டை போல உருண்டை, மண்ணிறம். தண்ணீரில் போட்டால் அமிழ்வது நல்ல விதை, மிதப்பது பதர்.

இந்தச் சோதனையை அம்மாதான் காட்டித் தந்தார். தோட்டத்தை விட்டு வரும்போது பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கிணற்றடியில் புதைத்தார். மூன்று முளைத்தன. தினமும் தண்ணீர் ஊற்றி, கிடுகால் நிழல் கட்டினார். அந்த ஆண்டுக் கோடையில் மூன்றும் கருகின.

தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். ஆண்டு முழுவதும் பரந்து பெய்யும் மழை வேண்டும். நீண்ட வரட்சியை இளங்கன்று தாங்காது. இதை நான் பிற்காலத்தில் படித்தேன். அம்மா படிக்காமலே புரிந்துகொண்டார். "இந்த மண்ணு எதக் கேக்குதோ அதத்தான் வைக்கணும்" என்று அதே இடத்தில் முருங்கைத் தடி நட்டார். அந்த முருங்கை எங்களுக்குப் பல வருடம் கறி தந்தது. 2009 இல் நாங்கள் அந்த வளவை விட்டு ஓடினோம். அம்மா அந்த இடப்பெயர்விலேயே இறந்து போனார்.

முகாமிலிருந்து வெளியே வந்தபின், 2011 இல், அம்மாவின் தங்கையைப் பார்க்க ஹட்டன் பக்கம் போனேன். லயத்துக்கு மேலே ஒரு மலை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. தேனீ இரைச்சல் வேறு. நான் பூவைப் பறித்து முகர்ந்து, "எவ்வளவு வடிவு சின்னம்மா" என்றேன்.

சின்னம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பூத்த மலையில பேரு போட மாட்டாங்க, மகளே" என்றார். பேர் போடுவதென்றால் ஒரு நாள் வேலை பதிவாவது. அந்த மலையைக் கவ்வாத்து வெட்டாமல் தோட்டம் கைவிட்டிருந்தது. முன்பு வாரத்தில் ஆறு நாள் வேலை. அப்போது மூன்று நாள்தான். மீதி நாட்களில் சின்னம்மா வெளியே மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். எனக்கு அழகாகத் தெரிந்த ஒவ்வொரு பூவும் அவருக்குக் கிடைக்காத கொழுந்தாகத் தெரிந்தது. அவர் பார்த்ததும் அந்தப் பூவைத்தான். நான் பார்த்ததும் அதைத்தான்.

சகோதரிகளே, மலையகத்துக்குப் போக வாய்த்தால் தேயிலைப் பூவைத் தேடிப் பாருங்கள். இலையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் நல்லது; அந்த மலையில் பெண்களுக்கு வேலை இருக்கிறது. தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தால், பக்கத்து லயத்தில் ஒரு வாய் தேத்தண்ணி கேட்டு உட்காருங்கள். வாரத்துக்கு எத்தனை பேர் விழுகிறது என்று அங்குள்ள அக்காமாரிடம் விசாரியுங்கள். தொழிலும் காணியும் இழந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியின் பாரம் எங்களுக்குத் தெரியும்.