வராதவர்களின் கணக்கு

எங்கள் வீட்டில் முனைவர் பட்டம் என்பதற்கு நெடுநாள் வரை ஒரே பொருள்தான் இருந்தது: இன்னும் முடியாத ஒன்று. எங்களில் இளையவள் 2012ல் உயிரிப்புள்ளியியலில் ஆய்வுக்குப் பதிவு செய்தாள். 2018ல் பட்டம் பெற்றாள். இடைப்பட்ட ஆறாண்டுகள், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து வீட்டை நடத்தியவள் மூத்தவள். உதவித்தொகை வரும், வராமலும் இருக்கும். ஆகவே அது ஒருத்தியின் படிப்பு அன்று, இருவரின் படிப்பு. இதையும் இருவருமாகவே எழுதுகிறோம்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு அந்தப் படிப்பை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. 'டாக்டருக்குப் படிக்குது' என்று கேள்விப்பட்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் கதவைத் தட்டியவர்களும் உண்டு. ஒருநாள் அம்மா கேட்டே விட்டாள்: "மருந்து குடுக்க மாட்டே, ஊசி போட மாட்டே. அப்பால இன்னாதாண்டி பண்ணுவே?"

"எந்த மருந்து கேக்குதுன்னு எண்ணிப் பாத்துச் சொல்லுவேம்மா."

அம்மா சற்று யோசித்துவிட்டு, "உங்கப்பன எண்ணாம வுட்டுட்டாங்களே" என்றாள். அப்போது அந்தச் சொல்லின் ஆழம் எங்களுக்கு விளங்கவில்லை.

அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். சரக்கு ரயில் வந்து நின்றால் குறித்த மணி நேரத்துக்குள் வேகன்களைக் காலி செய்தாக வேண்டும். தவறினால் டெமரேஜ் கட்ட வேண்டும். அதனால் மேஸ்திரி ஆள் பொறுக்கும் நேரத்தில் அங்கே நிற்காதவருக்கு அன்று கூலி இல்லை. 1995ல் அவருக்குக் காசநோய் கண்டது. மாத்திரை வாங்கப் போகவேண்டிய நேரமும் வேகன் வந்து நிற்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நான்கு மாதம் போனார். இருமல் தணிந்தது, உடம்பில் சதை பிடித்தது, போவதை நிறுத்தினார். 1998ல் இறந்தார். அப்போது எங்களுக்குப் பதினான்கு வயதும் பத்து வயதும்.

காசநோய்க்கும் மருத்துவப் புள்ளியியலுக்கும் உள்ள உறவு பழையது. அத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், முதல் உலகப் போரில் விமானியாகச் சென்று காசநோயுடன் திரும்பியவர். மருத்துவராக விரும்பியவரை நோய் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிட்டது. அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்து, பின்னர் எண்களின் வழியாக மருத்துவத்துக்குள் வந்தார். யாருக்குப் புதிய மருந்து, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தற்செயலுக்கு விட்டு, 1948ல் வெளியான ஸ்டிரெப்டோமைசின் சோதனையை வடிவமைத்தவர் அவரே.

அதே முறை 1956ல் சென்னைக்கு வந்தது. சேத்துப்பட்டில் அவ்வாண்டு தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்து ஏழை நோயாளிகளை இரு கூறாகப் பிரித்தது. ஒரு கூறு சானடோரியத்தில். மற்றது நெரிசலான தம் வீட்டிலேயே, அதே மருந்துகளுடன். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையில் இருந்தனர். வீட்டில் இருந்தோரால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்றும் இல்லை. 1959ல் வெளியான இம்முடிவு, படுக்கை இல்லாத நாடுகளிலும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. அந்த எண்கள் நம்பப்பட்டதற்குக் காரணம் கணிதம் மட்டுமன்று. பணியாளர்கள் வீடுதேடிப் போனார்கள், சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வராதவரைத் தேடினார்கள்.

தேடாமல் விட்டால் என்ன ஆகும்? எங்கள் ஆய்வு நின்ற இடம் அதுதான்.

சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிருடன் இருக்கிறார்கள் என்று கணக்கிட உலகமே பயன்படுத்தும் முறை கப்லான், மையர் ஆகிய இருவரின் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. மையர் புற்றுநோயாளிகளின் ஆயுளைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார். கப்லான் கடலடித் தொலைபேசி வடங்களில் உள்ள வெற்றிடக் குழாய்களின் ஆயுளைப் பற்றி. இருவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து, பிறகு சேர்ந்து எழுதினார்கள். நடுவில் காணாமற் போனவரை அவர் கடைசியாக வந்த நாள்வரை எண்ணிவிட்டு, மெல்லக் கழித்துவிடுவதே அம்முறை. அப்படிக் கழிக்கப்பட்டவருக்கு 'சென்சார்' ஆனவர் என்று பெயர். திரைப்படத்தில் வெட்டுவதற்கு நாம் வழங்கும் அதே சொல்.

இந்த வெட்டு நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: போனவர்களும் இருப்பவர்களைப் போன்றவர்களே என்று கொள்ள வேண்டும். வெற்றிடக் குழாய் கோபித்துக்கொண்டு போவதில்லை. கூலி போய்விடும் என்று அஞ்சுவதும் இல்லை. மனிதர் அப்படியா? நூறு பேரில் இருபது பேர் தொடர்பற்றுப் போனதாகக் கொள்வோம். எஞ்சிய எண்பதில் எட்டுப் பேர் இறந்தால் இறப்பு பத்து விழுக்காடு என்போம். அந்த இருபதில் பாதிப்பேர் இறந்திருந்தால் உண்மை பதினெட்டு. பத்துப் பேர் அறிக்கைக்கு வெளியே இறக்கிறார்கள்.

இளையவள் இதை வகுப்பில் கேட்ட மாலை, மின்ரயிலில் கடற்கரையிலிருந்து கொருக்குப்பேட்டை வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னாள்: "அக்கா, அப்பா ஏதோ ஒரு பதிவேட்டில் நான்காம் மாதத்தோடு நிற்கிறார். சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை."

அத்தகையோரை அப்போது 'டிஃபால்ட்டர்' என்றே எழுதினார்கள். கடன் வாங்கிக் கட்டாதவனுக்கு வங்கி தரும் பெயர். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கடைசி ரூபாய் வரை கழித்துவிட்டுச் செத்த மனிதர் அவர். 2013ல் உலகச் சுகாதார நிறுவனம் அச்சொல்லை நீக்கி, 'பின்தொடர்வில் தவறியவர்' என்று மாற்றியது. தவறு யாருடையது என்பதைப் புதிய சொல் திறந்தே வைக்கிறது. அவ்வளவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆய்வேட்டின் ஐந்தாம் இயலுக்காக, நெறிக்குழுவின் அனுமதி பெற்று, மருத்துவப் பணியாளர் ஒருவருடன் வடசென்னைத் தெருக்களில் தொடர்பற்றவர்களைத் தேடிப் போனாள் இளையவள். தண்டையார்பேட்டையில், காசிமேட்டில், கால்வாய்க் கரையில். குடிசைகள் அகற்றப்பட்டதால் முகவரியே இல்லாமல் போனவர்கள் இருந்தார்கள். நலமாக இருந்து, ஏன் வந்தீர்கள் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இறந்தவர் வீடுகளில் ஒன்று மாறாமல் இருந்தது: நாள் எல்லோருக்கும் நினைவிருந்தது. தேதி தெரியாதவர்களும் அமாவாசைக்கு எத்தனையாம் நாள் என்று சொன்னார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவகம் 1982 முதல் தகவல் திரட்டி வருகிறது. இறப்புப் பதிவேடுகளை மட்டும் நம்பாமல் அதன் பணியாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கும் போகிறார்கள். தேடினால் கிடைக்கிறது. தேடுவதற்கு ஆளும் பேருந்துக் கட்டணமும் வேண்டும், அவ்வளவே. எங்கள் ஏட்டின் சமன்பாடுகள் எல்லாம், தேட முடியாதபோது பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்று எல்லை கட்டுபவை மட்டுமே.

வாய்மொழித் தேர்வன்று அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலம் புரியவில்லை. திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நீண்ட சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த ஐந்தாம் இயலைத் தமிழில் அவளுக்குச் சொன்னோம். முழுவதும் கேட்டாள்.

"யாராச்சும் வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

நாளிதழில் இனி ஒரு மருந்தின் வெற்றி விழுக்காட்டைக் காணும்போது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதோடு எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்றும் தேடிப் பாருங்கள். அந்த எண் அங்கே இல்லையென்றால், விழுக்காட்டைக் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள்.