'சுபம்' போடாத கார்ட்டூன்

நம் சீரியல்களின் கடைசி எபிசோடு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் எபிசோடு கொடுமை செய்தவர் காலில் விழுவார். கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்கிவிடுவார். குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். சுபம்!

வேளச்சேரி தண்டீஸ்வரம் நகரில் அம்மாவோடு வசிக்கும் 26 வயது ஐ.டி பெண்ணிடம் அவளுடைய சொந்தக்காரர்கள் எதிர்பார்த்ததும் அப்படி ஒரு கடைசி எபிசோடைத்தான்.

குடியால் குடும்பத்தைச் சிதைத்துவிட்டு, எட்டு வருடங்களுக்கு முன் ஊருக்குப் போன அப்பா, இரண்டு வருடங்களாகக் குடிப்பதில்லை. "பெத்த அப்பன்தானே பாப்பா... பழசை மறந்துட்டு வீட்டுக்கு வரச் சொல்லக் கூடாதா?" என்று போனில் கேட்டார் பெரியப்பா. அவளால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

அந்த நாள்களில் இரவு அவள் பார்த்துக்கொண்டிருந்தது 'போஜாக் ஹார்ஸ்மேன்'. நெட்ஃப்ளிக்ஸில் 2014-ல் தொடங்கி, 6 சீசன்கள், 77 எபிசோடுகளுடன் 2020 ஜனவரி 31 அன்று முடிந்த அனிமேஷன் காமெடி. கார்ட்டூன்தானே என்று குழந்தைகளிடம் போனைக் கொடுத்துவிடாதீர்கள். இது பெரியவர்களுக்கானது. மனிதர்களும் மிருகங்களும் சேர்ந்து வாழும் ஊரில், 90-களில் டி.வி-யில் கொடிகட்டிப் பறந்து, இப்போது மார்க்கெட் போய், குடித்துக் கிடக்கும் நடிகன்தான் நாயகன். உருவத்தில் குதிரை!

"ஏன்டி, இந்த வயசுல பொம்மைப் படமா?" என்ற அம்மாவை உட்காரவைத்தது ஒரு பேனர் காமெடி. 'ஹேப்பி பர்த்டே டயான், எழுத்து அழகா இருக்கணும்' என்று கடையில் சொன்னால், அதையும் சேர்த்து அப்படியே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். "நம்ம ஊரு ஃப்ளெக்ஸ் கடை மாதிரியே இருக்கே!" என்று சிரித்தவர், அதன்பிறகு மகள் கதை சொல்லச் சொல்லக் கூடவே பார்த்தார்.

(ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

கடைசி சீசனில் போஜாக் குடியை விடுகிறான், திருந்தப் பார்க்கிறான். ஆனால், அவனால் காயப்பட்டவர்கள் வரிசையில் வந்து மன்னிப்பதில்லை. தங்கை ஹாலிஹாக் ஒரு கடிதத்தோடு உறவை முடித்துக்கொள்கிறாள். இந்திய வம்சாவளி காமெடியன் அபர்ணா நான்செர்லா குரல் கொடுத்த பாத்திரம் அது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கடைசி வரை நமக்குக் காட்டுவதில்லை. அவன் மறுபடியும் குடிக்கிறான்.

ஃபினாலேவில், ஒரு வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்த வழக்கில் சிறையிலிருப்பவன், ஒரு கல்யாணத்துக்காகத் தற்காலிகமாக வெளியே வருகிறான். நெருங்கிய தோழி டயானும் அவனும் கூரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவரும் பேசிக்கொள்வது இதுவே கடைசியாக இருக்கலாம் என்று புரிகிறது. சண்டை இல்லை, அழுகை இல்லை. வானத்தைப் பார்த்தபடி சும்மா இருக்கிறார்கள். படம் முடிகிறது.

"சேர்ந்துட்டாங்களா?"

"இல்லம்மா. நீ நல்லாயிரு, ஆனா என் வாழ்க்கையில இனி இல்லன்னு சொல்றா."

"அப்படிக்கூட சொல்லலாமாடி?"

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே பேசினார். "எல்லாரும் உன்கிட்டயே கேக்கறாங்க. என்னை யாரும் கேக்கல. எனக்கு அவர் திரும்ப வர வேண்டாம். உனக்கு அப்பா வேணுமோன்னுதான் வாயத் தொறக்கல."

அம்மாவுக்காகத்தான் அவளும் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்பா குடிக்காம இருக்கறதுல எங்களுக்கு சந்தோஷம் பெரியப்பா. டாக்டர், மருந்து செலவு எதுன்னாலும் நான் பாத்துக்கறேன். ஆனா, இந்த வீட்டுக்கு வர வேண்டாம்." 'கல்நெஞ்சுக்காரி' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டார். "அந்தக் குதிரை ஜெயில்லேருந்து வந்தப்புறம் குடிக்காம இருந்துச்சா?"

"அதைக் காட்டலம்மா. அதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

"இருந்திருக்கும்" என்றார் அம்மா.