ரொசெட்டாவின் கிட்டார்

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு மான்செஸ்டர் ரயில் நிலையம் ஒன்று ஞாபகத்துக்கு வரும். அங்கே போனதில்லை; கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்ததுதான். 1964 மே மாதம். பயணிகள் வராமல் மூடிக் கிடந்த வில்பிரஹாம் ரோடு நிலையத்தை, கிரனாடா டிவிக்காரர்கள் அமெரிக்கத் தென்மாநில ஸ்டேஷன் மாதிரி ஜோடித்திருந்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர் பிளாட்பாரத்தில் மேடை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் அமெரிக்கப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப். நீளக் கோட்டு, குதி உயர்ந்த செருப்பு, தோளில் எலெக்ட்ரிக் கிட்டார். மழை கொட்டிய நாள் என்பதால், நோவா காலத்து வெள்ளத்தைச் சொல்லும் 'டிட்ன்ட் இட் ரெயின்' பாட்டையே எடுத்துக்கொள்கிறார்.

கிட்டாரில் அவருடைய கைவேகம் சபையில் வந்தது. ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட்டில் 1915-ல் பிறந்தவர். அம்மா மாண்டலின் வாசித்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். மகளும் ஆறு வயதிலேயே கிட்டாரோடு கூடப் போனாள். எங்கள் ஊர் பெந்தெகொஸ்தே சபையில் டம்பரினும் கைத்தட்டலும் ஏற ஏற, உட்கார்ந்திருப்பவர்களின் கால் தானாக ஆடத் தொடங்கும். ரொசெட்டாவின் வாசிப்பில் எனக்குக் கேட்பது அதுதான்.

1938-ல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் பாடினார். டெக்கா கம்பெனி 'ராக் மீ' பாட்டை ரெக்கார்டு போட்டது. கர்த்தருக்குப் பாடுவதை மதுக்கூடத்தில் பாடலாமா என்று சபைக்காரர்கள் பொருமினார்கள். 1945-ல் 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே', கறுப்பினத்தவர் இசைக்கென்று பில்போர்டு வைத்திருந்த பட்டியலில் 2-ஆம் இடத்துக்கு ஏறியது. ராக் அண்ட் ரோல் பிறந்தது அந்தப் பாட்டில் என்றே நான் நினைக்கிறேன். எல்விஸின் முதல் ரெக்கார்டு வர அப்போது இன்னும் 9 ஆண்டு இருந்தது.

அவருடைய கல்யாணத்தை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. 1951-ல், வாஷிங்டன் கிரிஃபித் ஸ்டேடியத்தில், டிக்கெட் வாங்கி வந்த 20,000 பேருக்கு மேல் பார்க்க நடந்தது. கல்யாண உடுப்பிலேயே கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

மறுபடி அந்த ஈரப் பிளாட்பாரத்துக்கே மனம் போகிறது. பாட்டின் நடுவே குரலை நிறுத்திக் கிட்டாரை முன்னே விடுகிறார். விரல்களைக் குனிந்து பார்ப்பதில்லை. முகம் ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. "பெண்ணாக இருந்தும் நன்றாக வாசித்தார்" என்று பாராட்டுபவர்களை அந்தச் சில நொடிகளைப் பார்க்கச் சொல்வேன்.

1973-ல் பிலடெல்பியாவில் இறந்தார். 30 ஆண்டுகளுக்கு மேல் கல்லறையில் பெயர்கூட இல்லாமல் இருந்தது.

1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில், 14 வயதுப் பையன் ஒருவன் பாடுவதைக் கேட்டுத் தன் கச்சேரியில் மேடையேற்றி, கையில் காசும் கொடுத்தவர் ரொசெட்டா. அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் பாடகரான லிட்டில் ரிச்சர்டு. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-ல் தன் முதல் வரிசையிலேயே ரிச்சர்டைச் சேர்த்துக்கொண்டது. ரொசெட்டாவைச் சேர்த்தது 2018-ல்.