பனித்தரையும் தெரிவுப் பட்டியலும்

நாம் பிறந்த நாட்டிற் பனி என்பது மார்கழி விடியலிற் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி. அதன்மேல் ஏறி ஆடுதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், எமது கல்லூரியின் விழா மலரிலே பனிச்சறுக்கு நடனத்தைப்பற்றி எழுதப் புகுந்த என்னை நோக்கி, "இவனுக்கு வேறு பொருள் கிடைத்திலதோ!" எனப் பழைய நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். யப்பான் நாட்டின் நாகோயா நகரிலே தொழில் நிமித்தம் பல்லாண்டு வாழ்ந்தவன் யான். அந்நகரில் இருந்துகொண்டு சறுக்கு நடனத்தை அறியாதிருத்தல், நல்லூரில் இருந்துகொண்டு தேர்த்திருவிழாவை அறியாதிருத்தல் போல்வதாகும்.

நாகோயாவிலே ஓசு என்றொரு பகுதி உண்டு. கண்ணோன் கோயிலும் அதனைச் சூழ்ந்த கடைத்தெருக்களும் நிறைந்த சனநெருக்கமான இடம். அவ்விடத்திலே, வெளித்தோற்றத்திற் சிறப்பொன்றுமில்லாத ஒரு பனிச்சறுக்குக் கூடம் இருக்கின்றது. உலகத்தை வியக்கவைத்த சறுக்குநர் பலர் கால் பழகிய தரை அதுவே. செல்வி மிடோரி இத்தோ அந்நகரத்துப் பெண். அக்சல் என்னும் பாய்ச்சல் ஏனையவற்றைப்போலாது முன்முகமாக எழுந்து செய்யப்படுவது; ஆதலால் மும்முறைச் சுழற்சி என்று சொன்னாலும் உண்மையில் மூன்றரைச் சுழற்சி சுழலவேண்டும். பெண்களுள் எவரும் போட்டியிற் செய்திராத அதனை 1988ஆம் ஆண்டில் இத்தோ செய்துகாட்டினார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரில் உலகப் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. அவர்க்குப் பின் வந்த செல்வியர் மாவோ அசாடா, மிக்கி அண்டோ, யுக்காரி நக்கானோ, அக்கிக்கோ சுசுக்கி, ஆடவருள் தக்காஹிக்கோ கொசுக்கா ஆகிய யாவரும் நாகோயா நகரத்தாரோ அதனை உள்ளடக்கிய ஐச்சி மாகாணத்தாரோ ஆவர்.

இத்துணைப் பேர் ஒரே மண்ணில் விளைந்தமையே வினையும் ஆயிற்று. ஒலிம்பிக் விழாவுக்கு ஒரு நாடு ஒரு பிரிவில் மூவர்க்கு மேல் அனுப்புதல் ஆகாது. அம்மூன்று ஆசனமும் எளிதிற் கிடைப்பதன்று. முந்திய ஆண்டு உலகப் போட்டியில் அந்நாட்டின் சிறந்த இருவர் பெற்ற இடங்களைக் கூட்டினால் அத்தொகை 13ஐ மிஞ்சாதிருத்தல் வேண்டும். 14 முதல் 28 வரையாயின் இரண்டு ஆசனமே. ஆகவே, நாட்டில் ஆறு பேர் தகுதியுடையராயின் மூவரேனும் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்க்கவேண்டியதுதான்.

எனக்கு இதில் ஈடுபாடு உண்டானது ஆட்டத்தின் அழகாலன்று, பட்டியலாலேயே. 2005ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், எமது தொழிற்சாலை உணவுக்கூடத்தில் ஒரு கிழமை முழுவதும் வேறு பேச்சே இல்லை. ரோக்கியோவில் நடந்த கிராண்ட் பிறீ இறுதிப்போட்டியில், உலகப் பட்டதாரியாகிய உருசியப் பெண் சுலுத்ஸ்காயாவை வென்று முதலிடம் பெற்றார் அசாடா. அவர்க்கு வயது பதினைந்து. ஆயினும் ஒலிம்பிக் விழாவில் ஆடுவோர் அவ்வாண்டு யூலை முதலாந் திகதிக்குமுன் பதினைந்து நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது விதி. செப்ரெம்பர் 25இற் பிறந்த அப்பிள்ளைக்கு 87 நாள் குறைந்தது. அன்றைய பிரதமர் கொயிசுமிகூட அதுபற்றிக் கருத்துரைத்தார். எனினும் விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது, எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இரண்டு நாள் பொருமிய பின் எங்கள் உணவுக்கூடம் அதனை விட்டுவிட்டது.

விடாதது மற்றொன்று. அதே இறுதிப்போட்டியில் நக்கானோ மூன்றாம் இடமும் அண்டோ நான்காம் இடமும் பெற்றனர். பின்னர் நடந்த தேசியப் போட்டியில் நக்கானோ ஐந்தாவது, அண்டோ ஆறாவது. இரண்டு போட்டியிலும் ஒரு படி மேலே நின்றவர் நக்கானோ. தூரின் நகருக்குப் போனவரோ அண்டோ! பூமியே சுகுரி, ஷிசுக்கா அரக்காவா ஆகியோர் தெரிவில் ஐயத்துக்கு இடமில்லை. மூன்றாம் ஆசனத்திற்கு முந்திய பருவத்துப் பெறுபேறுகளையும் கூட்டிக் கணக்கிட்டனர். அக்கணக்கிலே அண்டோ முன்னின்றார். பதினான்கு வயதிலே, 2002இல், நான்குமுறைச் சுழலும் பாய்ச்சலைப் போட்டியிற் செய்த முதற் பெண் என்ற புகழும் அவர்க்கு இருந்தது; விளம்பரங்களில் அவர் முகமும் இருந்தது. விளம்பரத்துக்கும் தெரிவுக்கும் தொடர்பு உண்டென்று வாய்கூசாமற் சொன்னார் பலர். சான்று எவரும் காட்டவில்லை. யானும் கண்டிலேன்.

தூரினில் அரக்காவா பொற்பதக்கம் பெற்றார். அவ்விழாவில் யப்பானுக்குக் கிடைத்த பதக்கம் அது ஒன்றே. சுகுரி நான்காமிடம். நான்குமுறைச் சுழற்சியை முயன்று விழுந்த அண்டோ பதினைந்தாமிடம். "சொன்னேனா இல்லையா!" என்று மேசையைத் தட்டினார் என்னோடு பணிபுரிந்த முதிய கடைச்சற்காரர் ஒருவர். ஆனால் அடுத்த ஆண்டு ரோக்கியோவிலே உலகப் பட்டத்தை வென்றவரும் அதே அண்டோதான். அப்பொழுது அம்முதியவர் மேசையைத் தட்டவில்லை. பின்விளைவைக் கொண்டு முன்தெரிவை நியாயப்படுத்துவோரிடத்தும் பழிப்போரிடத்தும் எனக்கு நம்பிக்கை குறைந்தது அன்று முதலாகும்.

நக்கானோவின் கதை அத்துடன் முடியவில்லை. இத்தோவின் பின் மூன்றரைச் சுழற்சி அக்சலைப் பன்னாட்டுப் போட்டியிற் செய்த முதல் யப்பானியப் பெண் அவரே. 2008இலே சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரில் அவர் ஆடி முடித்தபொழுது அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. நடுவர் தந்ததோ நான்காம் இடம். 2009 டிசெம்பரில் வான்கூவர் விழாவுக்கான தெரிவு வந்தது. கிராண்ட் பிறீ இறுதிப்போட்டியிற் பதக்கம் பெறும் யப்பானியருள் முதல்வர்க்கு ஓர் ஆசனம் என முன்னரே விதித்திருந்தனர். அதனை அண்டோ பெற்றார். தேசியப் போட்டியில் அசாடா முதலிடம். எஞ்சியது ஒன்று. சுசுக்கிக்கு 195.90 புள்ளி, நக்கானோவுக்கு 195.73. இடைவெளி 0.17. ஒரு சுழற்சியின் நடுவே கை சற்றுத் தாழ்ந்தால் அவ்வளவு போய்விடும். உணவு செல்லாத நோயால் மெலிந்து, ஆட்டத்தையே இழந்துவிடும் நிலைக்கு வந்து மீண்டவர் சுசுக்கி. அவர் முகத்தைப் பார்த்து, "உனக்கு ஏன் கிடைத்தது?" என்று கேட்க யாருக்கு மனம் வரும்? நான்காம் இடத்தில் நின்ற அண்டோ போக, மூன்றாம் இடத்தில் நின்ற நக்கானோ தங்கினார். அந்தப் பருவத்துடன் களத்தை விட்டும் நீங்கினார். இருமுறையும் விதிப்படியே எல்லாம் நடந்தன என்பதை நினைக்குந்தோறும், விதி என்ற சொல்லுக்கு எம்மவர் வைத்த இரண்டு பொருளும் நினைவுக்கு வருகின்றன.

எனினும் என் மனத்தை மிக வருத்தியது 2013ஆம் ஆண்டுத் தெரிவே. அது ஆடவர் பிரிவு. சைத்தாமா அரங்கிலே நடந்த தேசியப் போட்டியில் யுசுரு ஹன்யு முதலிடம், தத்சுக்கி மச்சிடா இரண்டாமிடம், கொசுக்கா மூன்றாமிடம், நொபுனாரி ஓடா நான்காமிடம், டைசுக்கே தக்காஹாஷி ஐந்தாமிடம். சோச்சிக்குச் செல்லும் மூவராக ஹன்யு, மச்சிடா, தக்காஹாஷி அறிவிக்கப்பட்டனர்.

தக்காஹாஷி யாரென்பதை அறியாதார்க்கு இது வெறும் அநீதியாகவே தோன்றும். முழங்கால் நார் அறுந்து ஓராண்டு நடக்கப் பழகி, 2010இல் வான்கூவரில் வெண்கலம் பெற்றவர். ஆசிய ஆடவர் இத்துறையிற் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே ஆண்டு உலகப் பட்டமும் அவரது. 2013இலும் பருவத் தொடக்கத்தில் என்.எச்.கே. கிண்ணத்தை வென்றார், பின்னர் முழங்கால் மீண்டும் நோயுற்றது. கிராண்ட் பிறீ இறுதிப்போட்டிக்கு அவரிடத்துக்கு மாற்றாகச் சென்றவர் ஓடா. சென்றவர் வெண்கலத்துடன் மீண்டார். அந்த ஓடாவும் தேசியப் போட்டியிலே தக்காஹாஷிக்கு ஒரு படி மேலேதான் நின்றார். தெரிவிலே பெயரில்லாததால் மறுநாளே ஓய்வை அறிவித்தார். கொசுக்காவோ, 1968இல் கிரனோபிள் ஒலிம்பிக்கில் ஆடிய தந்தையின் மைந்தன். 2011இலே உலகப் போட்டியில் வெள்ளி பெற்றவர். பனித்தரையில் அவர் கீறும் வளைவுகளைப் போலத் தூய வளைவுகளை யான் கண்டதில்லை. அவ்விரவு அவர் ஆடியது உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டம்.

எங்கள் முதியவரின் இல்லத்திலே அன்று சமையல் நடக்கவில்லை என்று கேள்வி. அவர் கொசுக்காவின் பக்கம். மனைவியார் தக்காஹாஷியின் பக்கம். "பரீட்சை எழுதும்போது எழுதினாற்றான் புள்ளி. போன ஆண்டு நன்றாய் எழுதினேன் என்றால் யார் கேட்பார்?" என்பது அவர் வாதம். "நோயாளியாய்க் கிடந்த ஒரு நாளை வைத்து எட்டாண்டுச் சேவையை அளப்பீர்களோ?" என்பது அம்மையாரின் வாதம். தொழிற்சாலையிலும் அவ்வாறே இரண்டாய்ப் பிரிந்தோம். யான் கொசுக்காவின் கட்சி. அதனை மறைத்ததில்லை.

தெரிவுக்குழுவினர் விதியை மீறினார்களா? இல்லை. முதல் ஆசனம் தேசிய முதல்வர்க்கு. அடுத்ததற்குக் கிராண்ட் பிறீ இறுதிப்போட்டியும் கணக்கு. மூன்றாவதற்கு உலகத் தரவரிசையும் அப்பருவத்தின் அதிகூடிய புள்ளியும் கணக்கு. அவ்வாயில்களால் தக்காஹாஷி உள்ளே வர இயன்றது. வந்தவருள் எவரை எடுப்பது என்பதற்கோ, "யாவற்றையும் சேர்த்து நோக்கி" என்ற ஒரு தொடரே வைத்திருந்தனர். என் மனக்குறை அத்தொடரின்மேல். எதற்கு எத்துணை எடை என்பதைச் சொல்லாத தராசு அது. 2005இன் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அது கணக்கு. ஒருவன் உட்கார்ந்து கூட்டிப்பார்த்து, "இங்கே தோற்றேன்" என்று தன் தோல்வியைத் தொட்டுக் காட்டலாம். கொசுக்காவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. எம் தலைமுறையினர் பட்டியல்களின் முன் நின்று வளர்ந்தவர்கள். கிரிக்கெற் பதினொருவர் பட்டியல் முதற் பல்கலைக்கழக அனுமதிப் பட்டியல் வரை, பெயரில்லை என்பதைவிட ஏன் இல்லை என்று தெரியாமையே நெடுநாள் சுட்டது என்பதை எம்மவர்க்கு யான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சோச்சியிலே, நோயுற்ற காலுடன் தக்காஹாஷி ஆறாமிடம் பெற்றார். அடுத்த மாதம் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டிக்கு அவர் செல்ல இயலாமையால் கொசுக்கா அழைக்கப்பட்டார். அவரும் ஆறாமிடமே பெற்றார். இதனைக் கேட்ட முதியவரின் மனைவியார், "பார்த்தீர்களா, கடவுள் சமமாய்ப் பங்கிட்டார்" என்றாராம். முதியவர் பேசாமல் தேநீர் குடித்தாராம்.

2017இன் தெரிவு வேறு வகையது. அவ்வாண்டு ஹெல்சிங்கியில் நடந்த உலகப் போட்டியில் மாய் மிஹாரா ஐந்தாமிடம், வக்காபா ஹிகுச்சி பதினோராமிடம். கூட்டினால் 16. மூன்றாம் ஆசனம் போயிற்று. டிசெம்பரில் நடந்த தேசியப் போட்டியில் சட்டோக்கோ மியாஹரா முதலிடமும் கவோரி சக்காமொட்டோ இரண்டாமிடமும் பெற்றனர், மூன்றாமிடம் பெற்ற ரிக்கா கிஹிராவுக்கு வயது போதாது, ஹிகுச்சி நான்காவது, மிஹாரா ஐந்தாவது. ஆசனங்களை ஈட்டச் சென்ற இருவரும் ஆசனமின்றி நின்றனர். மிஹாரா அதே ஆண்டுத் தொடக்கத்தில் நாற்கண்டப் போட்டியை வென்றது, ஒலிம்பிக் நடக்கவிருந்த கங்னங் அரங்கிலேயே! ஹிகுச்சியோ, ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதம் மிலானில் உலகப் போட்டியில் வெள்ளி பெற்றார். மியாஹரா வெண்கலம். இரண்டும் மூன்றும் ஐந்து. மூன்று ஆசனமும் மீண்டன. அத்தெரிவைத் தவறென்று சொல்லவும் என்னால் இயலாது. அன்று தெரியப்பட்ட சக்காமொட்டோ 2022 முதல் 2024 வரை மும்முறை உலகப் பட்டத்தை வென்றவர் அல்லரோ! ஹிகுச்சி 2022இல் பெய்ஜிங் சென்று மூன்றரைச் சுழற்சியைச் செய்து ஐந்தாமிடம் பெற்றார். அத்தெரிவிலும் நான்காவதாக நின்று தங்கியவர் மிஹாரா. அடுத்த மாதமே நாற்கண்டப் பட்டத்தையும், அவ்வாண்டு முடியுமுன் கிராண்ட் பிறீ இறுதிப் பட்டத்தையும் வென்றார். ஒலிம்பிக் பனித்தரையை மாத்திரம் அவர் மிதித்ததில்லை.

வயது விதியும் பின்னர் மாறியது. பதினைந்தைப் பதினேழாக உயர்த்த 2022இல் முடிவுசெய்தனர். அசாடாவின் பெயரையே இட்டு வளர்க்கப்பட்ட மாவோ ஷிமாடா என்னும் பெண், 2008 ஒக்ரோபர் 30இற் பிறந்தமையால், 2026 விழாவுக்கு அதே போலச் சில மாதங்கள் குறைந்தவராய் நின்றார். இம்முறை பெரிய முறுமுறுப்பு எழவில்லை. பிள்ளைகளின் எலும்பைக் காக்க எழுந்த விதி அது என்பதை யாவரும் உணர்ந்திருந்தனர். யானும் அதனை வரவேற்பவனே.

மிலான் நகரில் 2026 பெப்ரவரியில் அவ்விழா நடந்தது. சக்காமொட்டோ வெள்ளி பெற்றார். வெண்கலம் பெற்றவர் அமி நக்காய் என்னும் பதினேழு வயதுப் பெண். குறும் ஆட்டத்தில் மூன்றரைச் சுழற்சி அக்சலைச் செய்து முதலிடத்தில் நின்றவர். ஆடி முடித்துப் புள்ளிக்காகக் காத்திருக்கும் ஆசனத்திலே, அப்பெண்ணின் அருகில் அமர்ந்திருந்த பயிற்றுநரைத் தொலைக்காட்சியிற் கண்டு யான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் யுக்காரி நக்கானோ.